சிற்றிலும் சிறுதேரும்: மாதிரிப் புகையிரதக் களங்களின் கட்டடப் பொதிகள் – ஒரு வரலாற்று நோக்கு

ஆண்பாற் பிள்ளைத்தமிழின் இறுதி மூன்று பருவங்களைச் சிற்றில், சிறுபறை, சிறுதேர் எனப் புலவர்கள் வகுத்தனர். சிற்றிற் பருவத்திலே சிறுமியர் மணலால் வீடு கட்டி விளையாடுவர். பாட்டுடைத் தலைவனாகிய சிறுவன் அதனைக் காலாற் சிதைக்க வருவான். சிதைக்க வேண்டாமென அவர்கள் அவனை இரந்து நிற்பர். சிறுதேர்ப் பருவத்திலே அவனே தேருருட்டி மகிழ்வான். வீட்டையும் ஊர்தியையும் சிற்றுருவிற் சமைத்து விளையாடும் இயல்பு, நமது இலக்கிய மரபு நன்கறிந்த ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவிலே இவ்விரு விளையாட்டுக்களும் ஒரே மேசையின்மீது வந்து சேர்ந்தன. சிறுதேர் புகையிரதமாயிற்று, சிற்றில் அதன் அருகே நிற்கும் நிலையமாகவும் கிராமமாகவும் வளர்ந்தது.

மாதிரிப் புகையிரதங்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் எஞ்சின்களைப் பற்றியே எழுதினர். பாதையோரத்து வீடுகள் வெறும் பின்னணியாகவே கருதப்பட்டு வந்துள்ளன. ஆயினும் சமூக வரலாற்றை அறிய விரும்பும் மாணவனுக்கு எஞ்சினைவிட வீடே கூடுதலாகப் பேசுகின்றது. எஞ்சினை அமைப்பவன் உண்மையான எஞ்சினை அளந்து அதனைச் சிறிதாக்குகின்றான். அங்கே அவனுக்குள்ள சுதந்திரம் சிறிது. வீட்டைத் தெரிபவனோ தன் ஊரில் எது இருக்கவேண்டும், எது இருக்கலாகாது என்று தானே தீர்மானிக்கின்றான். ஆகவே, கட்டடப் பொதிகளின் வரலாறு ஒரு சமூகம் தன்னைப் பற்றி எதனை நினைவில் வைக்க விரும்பியது என்பதன் வரலாறுமாகும். இக்கருத்தை ஜேர்மனி, பிரித்தானியா ஆகிய இரு நாடுகளின் அனுபவத்தைக் கொண்டு ஆராய்வதும், அதிலிருந்து பொதிகளைத் தெரிவதற்குரிய சில நெறிகளைப் பெறுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும். கட்டடப் பொதி என இங்கு கூறப்படுவது, சுவர், கூரை, கதவு, சாளரம் முதலிய உறுப்புக்கள் தனித்தனியே ஆக்கப்பட்டு ஒரு பெட்டியில் இடப்பட்டு, வாங்குபவரால் ஒட்டிச் சேர்க்கப்படும் சிறு கட்டடத்தையாகும்.

தகர நிலையங்களின் காலம்

ஜேர்மனியின் கேப்பிங்கன் நகரில் 1859ஆம் ஆண்டு தோன்றிய மார்க்ளின் நிறுவனம் முதலில் பொம்மை வீட்டுச் சமையற் பாத்திரங்களையே தகரத்தாற் செய்தது. 1891இல் லைப்சிக் சந்தையிலே அந்நிறுவனம் வரையறுக்கப்பட்ட பாதை அகலங்களைக் கொண்ட விளையாட்டுப் புகையிரதத் தொகுதியைக் காட்சிக்கு வைத்தது. ஒருமுறை வாங்கிய பாதைக்கு மேலும் மேலும் துண்டுகளையும் வண்டிகளையும் சேர்த்துக்கொள்ளலாம் என்பதே அதன் புதுமை. பாதை வளர்ந்தபோது நிலையமும் வேண்டப்பட்டது. அக்கால நிலையங்கள் தகரத்தில் ஆக்கப்பட்டு, வண்ணந் தீட்டப்பட்டு, முழுமையாகவே விற்கப்பட்டன. உள்ளே மெழுகுதிரி ஏற்றக்கூடிய நிலையங்களும் இருந்தன. இவற்றின் கதவுக்கும் அருகே நிற்கும் வண்டிக்கும் அளவிலே பொருத்தம் தேடுவது வீண். அவை செல்வர் வீட்டுக் குழந்தைகளுக்கான அலங்காரப் பொருள்கள்; ஒரு குறித்த ஊரின் உருவத்தை அவற்றில் எவரும் எதிர்பார்க்கவில்லை.

முதலாம் உலகப் போரின் பின்னர் நிலைமை மாறத் தொடங்கியது. நகரத்து நடுத்தர வர்க்கத்தின் வீடுகள் சிறியன. நிலத்திற் பரப்பிய பெரும் பாதைக்கு அங்கே இடமில்லை. நியூரம்பேர்க்கின் பிங் நிறுவனம் 16.5 மில்லிமீற்றர் அகலப் பாதையில் ஓடும் ‘மேசைப் புகையிரதம்’ ஒன்றை 1922இல் வெளியிட்டது. பிரித்தானியாவில் அதனை விற்றவர் நோதாம்ரனைச் சேர்ந்த பசெற்-லோக் ஆவார். சாப்பாட்டு மேசையில் அடங்கும் புகையிரதத்திற்கு மேசையில் அடங்கும் ஊரும் வேண்டும். சிற்றளவுக் கட்டடங்களின் தேவை இங்கிருந்தே பிறக்கின்றது.

பிங் குடும்பத்தின் கதை இவ்விடத்துக் குறிப்பிடத்தக்கது. தாபகரின் மகனாகிய ஸ்ரெபான் பிங் தந்தையின் நிறுவனத்தை விட்டு விலகி, 1928 அளவில் ‘ட்ரிக்ஸ்’ எனப் பின்னர் புகழ்பெற்ற நிறுவனத்தை வளர்த்தெடுத்தார். 1935இல் ட்ரிக்ஸ் எக்ஸ்பிரஸ் என்னும் சிறு புகையிரதம் வெளிவந்தது. அவர் யூதர். 1938இல் நாசி ஆட்சியின் நெருக்குதலால் நிறுவனத்தை விற்றுவிட்டு இங்கிலாந்துக்குப் புலம்பெயர வேண்டியவரானார். மேசைமீது ஊரமைக்கும் விளையாட்டை வளர்த்தவர்களுள் ஒருவர் தம் ஊரையே இழந்தார்.

அளவுத்திட்டம் எழுப்பும் பிரச்சினை

கட்டடப் பொதியின் வரலாற்றை விளங்குவதற்கு அளவுத்திட்டங்களை அறிதல் இன்றியமையாதது. 16.5 மில்லிமீற்றர் பாதையில் இரண்டு மரபுகள் வளர்ந்தன. ஐரோப்பாக் கண்டத்திலும் அமெரிக்காவிலும் 1:87 என்னும் எச்.ஓ. அளவு நிலைபெற்றது. பிரித்தானிய எஞ்சின்கள் உருவிற் சிறியவை. ஆதலால் அக்கால மின்மோட்டர்களை 1:87 அளவிலான உடலுக்குள் அடக்குவது கடினமாயிருந்தது. பாதை அகலத்தை மாற்றாது உடலை மட்டும் பெரிதாக்கி, 1:76 என்னும் ஓ.ஓ. அளவைப் பிரித்தானியர் மேற்கொண்டனர். 1938இல் வெளிவந்த ஹோர்ன்பி டப்ளோ அதனை நிலைநிறுத்தியது. தொழினுட்ப வசதிக்காகச் செய்யப்பட்ட இச்சமரசம் இன்றுவரை தொடர்கின்றது.

பின்னர் அளவுகள் மேலும் சிறுத்தன. 12 மில்லிமீற்றர் பாதையில் ஓடும் ரீ.ரீ. அளவு (1:120) கிழக்கு ஜேர்மனியிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் வேரூன்றியது. சிறு வீடுகளில் வாழ்ந்த அம்மக்களுக்கு அது ஏற்றதாயிருந்தது. பிரித்தானியாவில் ஹோர்ன்பி நிறுவனம் 2022இலேயே இவ்வளவை மேற்கொண்டது. நியூரம்பேர்க்கின் ஆர்னோல்ட் நிறுவனம் 1960 அளவில் 9 மில்லிமீற்றர் பாதைக்குரிய 1:160 அளவை அறிமுகஞ் செய்தது. ‘என்’ எனப்படும் இது பிரித்தானியாவில் 1:148 ஆகத் திரிந்தது. 1972இல் மார்க்ளின் 6.5 மில்லிமீற்றர் பாதையில் ஓடும் 1:220 என்னும் ‘இசட்’ அளவை வெளியிட்டது.

இவ்வெண்கள் கட்டடத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பதை ஓர் எளிய கணக்காற் காணலாம். இரண்டு மீற்றர் உயரமான கதவொன்று ஓ.ஓ. அளவில் 26 மில்லிமீற்றர்; எச்.ஓ. அளவில் 23, ரீ.ரீ. அளவில் 17க்குச் சற்றுக் குறைவு. கண்டத்து என் அளவில் 12.5, இசட் அளவில் 9 மில்லிமீற்றர். இருநூறு மீற்றர் நீளமான நிலைய மேடை எச்.ஓ. அளவில் 2.3 மீற்றர் இடத்தை அடைக்கும். என் அளவில் 1.25 மீற்றர். உயரமும் அவ்வாறே. கொலோன் நகரத்துத் தேவாலயத்தின் 157 மீற்றர் கோபுரம் எச்.ஓ. அளவில் 1.8 மீற்றர் எழும். அஃதாவது மேசையிலிருந்து வீட்டுக் கூரையை முட்டும். இசட் அளவிலேகூட அது 71 சென்ரிமீற்றர் உயரம்.

ஆகவே, உண்மையளவுக்கு முற்றிலும் இயைந்த நகரம் எந்த வீட்டிலும் அடங்காது. உற்பத்தியாளர் இதற்குக் கண்ட தீர்வு கட்டடத்தைச் சுருக்குதல். ஏழு சாளரங்களுள்ள சுவர் ஐந்து சாளரங்களுடன் வருகின்றது. எச்.ஓ. எனப் பெட்டியில் அச்சிடப்பட்ட பழைய பொதிகள் பலவற்றின் கட்டடங்கள் உண்மையில் 1:100 அளவையே அண்மித்திருந்தன. சிறியன எளிதில் அடங்கின. ஊரும் நிறைந்து தோன்றியது. நினைவு என்பதும் பெரும்பாலும் இவ்வாறுதான் செயற்படுகின்றது. முழுமையை வைத்திருக்க இடமில்லாதபோது எதைச் சுருக்குவது, எதை விடுவது என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவுக்கு வணிகம் அளித்த விடையை இனி நோக்குவோம்.

இடிபாடுகளின் நடுவே எழுந்த கிராமங்கள்

1946ஆம் ஆண்டு. ஜேர்மனியின் பெருநகரங்கள் இடிபாடுகளாய்க் கிடந்தன. நான்கு வல்லரசுகள் நாட்டைப் பங்கிட்டு ஆண்டன. உணவும் நிலக்கரியும் பங்கீட்டிலேயே கிடைத்தன. அவ்வாண்டிலே, பிரெஞ்சுப் படையினரின் ஆதிக்கத்திலிருந்த கருங்காட்டு மலைப்பகுதியின் கூற்றன்பாக் என்னும் சிற்றூரில் எட்வின் ஃபாலர், ஹேர்மன் ஃபாலர் என்னும் உடன்பிறந்தோர் தமது தொழிலைத் தொடங்கினர். அதே ஆண்டில் ஸ்ருட்காட்டில் ஃபோல்மர் நிறுவனம் தோன்றியது. 1895இலேயே தோன்றிய கிப்ரி நிறுவனமும் பின்னர் இத்துறையில் இவற்றோடு போட்டியிட்டது. உண்மையான வீடுகள் இல்லாத நாட்டிலே சிறு வீடுகளின் உற்பத்தி தளிர்த்தமை தற்செயலன்று.

ஃபாலரின் ஆரம்ப ஆக்கங்கள் மரத்தையும் அட்டையையும் சார்ந்திருந்தன. 1948இன் நாணயச் சீர்திருத்தத்தின் பின்னர் மேற்கு ஜேர்மனியின் பொருளாதாரம் எழுச்சி பெற்றது. மத்திய வகுப்பினரிடம் மீண்டும் ஓய்வும் காசும் சேர்ந்தன. 1950களில் பொலிஸ்ரைரீன் என்னும் பிளாஸ்ரிக் இத்தொழிலைக் கைப்பற்றியது. உருகிய பிளாஸ்ரிக்கை உருக்கு வார்ப்பச்சினுள் அழுத்திச் செலுத்தினால் செங்கல்லின் வரியும் மரச்சட்டத்தின் நாரும் ஒரே கணத்திற் பதிந்து வெளிவரும்.

அவ்வாறு வெளிவந்தவை எத்தகைய வீடுகள்? மரச்சட்டங்களுக்கிடையே சுண்ணம் பூசிய பழம்பாணி வீடுகள், அகன்ற கூரையுடைய கருங்காட்டுப் பண்ணை மனைகள், கிராமத் தேவாலயங்கள், சாளரங்களிற் பூந்தொட்டிகள் விளங்கும் விடுதிகள், சிறு மலைநாட்டு நிலையங்கள் என்பனவே பட்டியல்களில் மிகுந்திருந்தன. இதே காலத்தில் ஜேர்மன் திரையரங்குகளை நிறைத்தவை ‘தாயகத் திரைப்படங்கள்’ எனப்பட்ட வகையின. 1950இல் வெளிவந்து பெருவெற்றி ஈட்டிய ‘கருங்காட்டுப் பெண்’ அவற்றுள் ஒன்று. போர் தீண்டாத மலையும் குற்றமறியாத கிராமமும் இரண்டுக்கும் பொதுவானவை. திரைப்படம் ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மேசைமீதுள்ள கிராமம் ஆண்டுக்கணக்காய் நிலைத்திருந்தது.

இதனை வெறும் தப்பியோட்டம் எனச் சிலர் இகழ்வர். அவ்வாறு கூறுவது எளிது. தன் தெரு எரிந்ததைக் கண்ட ஒருவன், மாலைப்பொழுதில் தன் மகனோடிருந்து சுவரோடு சுவரை ஒட்டிக் கூரை வேய்வதில் ஆறுதல் கண்டானெனின் அதனைப் பழிக்க நாம் யார்? ஆயினும் ஆறுதல் வேறு, வரலாறு வேறு. அந்தக் கிராமத்தில் 1933 முதல் 1945 வரை நடந்தவற்றுக்கு எந்த அடையாளமும் இல்லை. ஊர் என்றும் இப்படியே இருந்தது என அது சொல்கின்றது. அச்சொல்லிலேதான் அதன் பொய் உறைகின்றது.

இப்போக்குக்கு விதிவிலக்குக்களும் உண்டு. ஃபாலர் நிறுவனம் மேற்கு ஜேர்மனியின் தலைநகராயிருந்த பொன் நகரின் நிலையத்தைப் பொதியாக்கியது. ஃபோல்மர் பாடன்-பாடன் நிலையத்தை ஆக்கியது. ஃபோல்மரின் புகழ்பெற்ற இன்னொரு பொதி தீப்பற்றி எரியும் வரித் திணைக்களக் கட்டடமாகும்! சாதாரண குடிமகனின் மனக்குறையும் ஒருவாறு பட்டியலில் இடம்பெற்றுவிட்டது.

வார்ப்பச்சின் பொருளாதாரம்

கிராமத்து வீடுகளே மீண்டும் மீண்டும் தெரியப்பட்டமைக்கு மனநிலை மட்டுமே காரணமெனக் கொள்வது கருத்துமுதல்வாதமாகிவிடும். உற்பத்தி முறையையும் நோக்க வேண்டும். உருக்கு வார்ப்பச்சொன்றைச் செதுக்குவதற்குப் பெரும் முதல் வேண்டும். அம்முதலை மீட்க ஒரே வீட்டை ஆயிரக்கணக்கில் விற்கவேண்டும். ஆயிரக்கணக்கானோர் வாங்குவதாயின் அவ்வீடு எந்த ஊருக்கும் பொருந்தக்கூடிய, எவரையும் உறுத்தாத வீடாயிருத்தல் வேண்டும். தனித்தன்மையுள்ள கட்டடத்துக்கு இச்சந்தையில் இடமில்லை. மேலும், ஒருமுறை ஆக்கிய வார்ப்பச்சு பல பத்தாண்டுகள் உழைக்கும். இவ்வாறாக, ஒரு தலைமுறையின் விருப்பம் அடுத்த தலைமுறைகளின் நினைவாக உறைந்துவிடுகின்றது.

இதற்குச் சிறந்த சான்று பிரித்தானியாவின் எயர்பிக்ஸ் நிறுவனம். அதனை 1939இல் தோற்றுவித்தவர் நிக்கலஸ் கோவ். ஹங்கேரியிலிருந்து வந்த யூத அகதி. 1950களின் தொடக்கத்தில் வூல்வேர்த் கடைகளில் இரண்டு சிலிங்குக்கு விற்கப்பட்ட கப்பற் பொதியினால் இந்நிறுவனம் பெயர்பெற்றது. அப்பத்தாண்டின் பிற்பகுதியில் ஓ.ஓ. அளவிற் பாதையோரக் கட்டடங்களையும் அது வெளியிட்டது. சமிக்ஞை அறை, நிலைய மேடை, மேற்பாலம், வைக்கோல் வேய்ந்த குடில், கிராம விடுதி என்பவற்றோடு, தனிவீடு, ஒருமாடி வீடு, எரிபொருள் நிலையம் ஆகிய அக்காலப் புறநகர்க் கட்டடங்களும் அவற்றில் இருந்தன. மலிவான விலை தொழிலாளர் வீட்டுச் சிறுவர்க்கும் இப்பொழுதுபோக்கைத் திறந்துவிட்டது. தகர நிலையங்களின் காலத்தோடு ஒப்பிடுமிடத்து இதனை ஒரு சனநாயகமயமாக்கம் எனலாம்.

எயர்பிக்ஸின் சமிக்ஞை அறை ஒக்காம் என்னும் ஊரில் உண்மையாகவே நிற்கும் அறையைப் பின்பற்றியது. அவ்வூரை ஒருபோதும் காணாத எண்ணற்றோர் அவ்வறையைத் தம் கையாற் கட்டியுள்ளனர். இன்று அது பாதுகாக்கப்பட்ட கட்டடம். அதன் புகழிற் பெரும்பங்கு சிறு பொதிக்குரியது. எயர்பிக்ஸ் 1981இல் வீழ்ச்சியுற்றபின் அவ்வார்ப்பச்சுக்கள் டப்போல் நிறுவனத்தைச் சேர்ந்தன. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதே சுவர்கள் விற்பனையாகின்றன.

இப்பொதிகள் பரவிய காலத்தை மனங்கொள்ள வேண்டும். 1963 மார்ச்சில் வெளிவந்த பீச்சிங் அறிக்கை 2,363 நிலையங்களையும் ஏறத்தாழ 5,000 மைல் பாதையையும் மூடுமாறு பரிந்துரைத்தது. அதற்கு முன்பே, 1837இல் எழுந்த இலண்டன் யூஸ்ரன் நிலையத்தின் மாபெரும் வாயில் 1961-62இல் இடிக்கப்பட்டிருந்தது. கிளைப்பாதையின் முடிவிலமைந்த சிறு நிலையம் உண்மையுலகில் மறைந்துகொண்டிருந்தபோது அதுவே மாதிரிக் களங்களின் மிக விருப்பான பொருளாயிற்று. இடவசதியும் இதற்குக் காரணமே. சிறு நிலையம் சுவரோரத்துப் பலகையில் அடங்கும். எனினும், இழப்பு அண்மிக்கும்போது நினைவு கூர்மையடைகின்றது என்னும் உண்மையையும் இங்கு காணலாம்.

பிளாஸ்ரிக்கோடு அட்டையும் தொடர்ந்து நிலைத்தது. சூப்பர்குயிக் முதலியோர் வண்ணத்தில் அச்சிட்டு, வெட்டியும் வைத்த அட்டைப் பொதிகளை விற்றனர். பின்னர் யோர்க்ஷயரின் மெற்காவ் நிறுவனம் அம்மரபை வளர்த்தது. அட்டைக்கு உருக்கு வார்ப்பச்சு வேண்டியதில்லை. அச்சகத்துத் தாளும் வெட்டுக்கருவியும் போதும். ஆதலால் வரிசை வீடுகள், தொழிற்சாலைச் சுவர்கள் முதலிய எளிய தொழிலாளர் நகரக் கட்டடங்களுக்கும் அங்கே இடங் கிடைத்தது. ஆக்கும் பொருள் மாறும்போது நினைவின் எல்லையும் மாறுகின்றது.

அளந்து ஆக்கியோர்

பட்டியலை நம்பாது தாமே அளந்து ஆக்கியோரும் இருந்தனர். அவர்களுள் இருவரைக் குறிப்பிடல் தகும். ஜோன் ஏர்ன் ‘மடர் வலி’ என்னும் கற்பனைப் பாதையை 1930களின் பிற்பகுதி முதல் ஆக்கத் தொடங்கினார். அப்பள்ளத்தாக்கு கற்பனை, ஆனால் அதன் கட்டடங்கள் பல நாட்டின் வெவ்வேறிடங்களில் உண்மையாய் நின்றவற்றைப் பார்த்து அட்டையிற் சமைக்கப்பட்டவை. எஞ்சினுக்கு மட்டுமே மதிப்பிருந்த காலத்தில், கட்டடமும் நிலக்காட்சியும் அதற்கு நிகரானவை என்பதை அவர் செயலாலும் நூலாலும் நிறுவினார்.

மற்றவர் ரோய் இங்கிலண்ட். பெயர் இங்கிலண்ட் ஆயினும் அவர் அவுஸ்திரேலியர். 1925இல் இங்கிலாந்துக்கு வந்த அவர், வெள்ளைக்குதிரைப் பள்ளத்தாக்கின் பழைய குடில்களில் உளம் பறிகொடுத்தார். வைக்கோற் கூரைகள் அகற்றப்பட்டு மலிவான தகடுகள் இடப்படுவதையும், அழகிய சுவர்கள் இடிக்கப்படுவதையும் கண்டு வருந்தினார். அவற்றைத் தடுக்க அவரிடம் அதிகாரமோ பணமோ இல்லை. ஆகவே அவற்றை அளந்தார். 1:76 அளவில் அட்டையில் ஆக்கத் தொடங்கினார். செங்கற்கள் ஒவ்வொன்றாக வண்ணந் தீட்டப்பட்டன. 1954இல் லோங் விற்றனம் என்னும் கிராமத்திலே பென்டன் அரும்பொருளகம் உருவாயிற்று. 1920களையும் 1930களையும் சேர்ந்த கிராமப்புறம் அங்கே வீடு வீடாக, தோட்டந் தோட்டமாக நிற்கின்றது. ஏர்னின் மடர் வலியும் இன்று அங்கேயே உள்ளது.

ஃபாலரின் கிராமமும் பென்டன் கிராமமும் அழகானவை. இரண்டும் கடந்த காலத்தை நோக்குபவை. வேறுபாடு முறையிலே உள்ளது. முன்னையது எங்கும் பொருந்தும் வீடு. பின்னையது இன்ன ஊரில், இன்ன ஆண்டில் நின்ற வீடு. முன்னையது இழப்பை மறைக்கின்றது. பின்னையது இழப்பைப் பதிவுசெய்கின்றது. வரலாற்று மாணவன் இவ்விரண்டையும் வேறுபடுத்தக் கற்றல் வேண்டும்.

தெரிவின் நெறிகள்

மேற்கூறியவற்றிலிருந்து, கட்டடப் பொதியைத் தெரிபவர் நான்கு வினாக்களை எழுப்புதல் தகும் எனலாம்.

முதலாவது அளவு. பெட்டியிலுள்ள எண்ணை நம்பாது கதவை அளக்க வேண்டும். பிரித்தானிய ஓ.ஓ. வண்டியின் அருகே கண்டத்து எச்.ஓ. வீட்டை வைத்தால், வீடு எட்டில் ஒரு பங்கு குறைந்து நிற்கும். அருகருகே வைத்தாற் கண் அதனை உடனே உணரும். அதே சிறுமை களத்தின் பின்புறத்தில் நன்மையாகும். தொலைவிலுள்ள வீடு சிறிதாய்த் தோன்றுவது இயல்பாதலின், சிற்றளவு வீட்டைப் பின்னே வைத்து ஆழத்தைத் தோற்றுவிக்கலாம். முன்சுவர் மட்டுமுள்ள அரைக்கட்டடங்களும் அவ்விடத்துக்குரியவை.

இரண்டாவது காலம். ஐரோப்பிய மாதிரிப் புகையிரதச் சங்கங்களின் ஒன்றியமான மொறொப், புகையிரத வரலாற்றைக் காலப்பகுதிகளாக வகுத்துள்ளது. மூன்றாம் காலப்பகுதி 1945 முதல் ஏறத்தாழ 1970 வரையிலானது. நான்காவது 1990 வரை செல்கின்றது. பழைய வீடு புதிய காலத்திலும் நிற்கலாம். புதிய வீடு பழைய காலத்தில் நிற்க முடியாது. எளிய இவ்விதியை மறந்தோர் பலர். நீராவிக் காலத்து ஊரில் எல்லா வீடுகளும் புதிதாய் மினுங்குவதும் காலப்பிழையே. புகைக்கரி படியாத நிலையம் அக்காலத்தில் இருந்திருக்க முடியாது. பிளாஸ்ரிக்கின் பளபளப்பை மங்கல் வண்ணத்தால் மறைத்து, கூரையிலும் சுவரிலும் கரியின் சாயலை ஏற்றுதல் வேண்டும்.

மூன்றாவது இடம். கருங்காட்டுப் பண்ணைமனையின் தாழ்ந்த பெருங்கூரை அம்மலைப் பனிக்கும் கால்நடைக்கும் ஏற்ப அமைந்தது. அதனை வடகடற் கரையில் வைத்தால் அது பொருளிழந்த அலங்காரமாகிவிடும். கல், செங்கல், மரம் என்பன அவ்வவ் நிலத்தின் விளைவுகள். புவியியலை அறியாது வீட்டைத் தெரிதல் இயலாது.

நான்காவது ஆக்கும் பொருள். அட்டை செங்கல்லின் நிறத்தை நன்கு காட்டும். ஆனால் அதன் புடைப்பைக் காட்டாது. வெட்டிய ஓரத்தின் வெண்மைக்கு நிறமிட வேண்டும்; ஈரலிப்பில் அது வளையும். பிளாஸ்ரிக் புடைப்பை நன்கு காட்டும், நிறத்தில் ஏமாற்றும். உள்ளே விளக்கிட்டால் மெல்லிய சுவரினூடாக ஒளி கசியுமாதலால் உட்புறத்துக்குக் கருவண்ணம் பூச வேண்டும். சிறிய என், இசட் அளவுகளில் புடைப்பு மிகையாய்த் தோன்றும்; அங்கே தாளும் அட்டையுமே உண்மைக்கு நெருங்குபவை.

ஐந்தாவது வினா ஒன்றும் உண்டு. அது கடைக்காரர் விடையளிக்கக் கூடியதன்று. இவ்வூரில் யார் வாழ்கின்றனர்? தொழிற்சாலை இருந்தால் தொழிலாளர் வீடுகள் எங்கே? நிலையம் இருந்தால் நிலக்கரிக் கிடங்கு எங்கே? தேவாலயமும் விடுதியும் மட்டுமுள்ள ஊர் உண்பதும் உடுப்பதும் எவ்வாறு? இவ்வினாக்களை எழுப்பும்போது பொழுதுபோக்கு வரலாற்று ஆராய்ச்சியாகின்றது.

முடிவுரை

இத்தொழிலின் பழைய உலகம் இன்று ஒடுங்கி வருகின்றது. ஃபோல்மர் 2014இல் உற்பத்தியை நிறுத்தியது. அதன் பெயரும், அதற்கு முன்பே கிப்ரியும் வீஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்தன. மறுபுறத்தில், லேசர் வெட்டும் முப்பரிமாண அச்சும் உருக்கு வார்ப்பச்சின் ஆட்சியைத் தளர்த்தியுள்ளன. பத்துப் பேருக்காகவும், ஏன், ஒருவருக்காகவும் ஒரு கட்டடத்தை ஆக்கலாம். ஆயிரம் பேர் வாங்கமாட்டார்கள் என்பதாற் பட்டியலுக்கு வெளியே நின்ற வீடுகள் இனி உள்ளே வரலாம்.

இவ்விடத்து நம் நாட்டை நினையாதிருத்தல் அரிது. 1864இல் கொழும்பிலிருந்து முதற் புகையிரதம் ஓடியது. அன்று தொடங்கிப் பாதையோடு நிலையங்களையும் பிரித்தானியர் அமைத்தனர். ஆயினும் பிரித்தானியப் பொதி நமக்குப் பொருந்தாது. நமது பாதையின் அகலம் 5 அடி 6 அங்குலம், ஓ.ஓ. அளவுத்திட்டத்தில் அது 22 மில்லிமீற்றராகும். கடையில் விற்கும் 16.5 மில்லிமீற்றர்ப் பாதை அதற்கு உதவாது. வெயிலுக்கும் மழைக்கும் ஏற்ப இங்கே அமைந்த கூரையும் தாழ்வாரமும் அப்பட்டியல்களில் இல்லை. நமக்கு ரோய் இங்கிலண்டின் வழியே வழி: அளவுநாடாவோடு சென்று அளப்பது.

அதற்குக் காலமும் காத்திருப்பதில்லை. வடபகுதிப் புகையிரதம் 1990 ஜூனில் நின்றது. யாழ்ப்பாண நிலையம் போரிற் சிதைந்தது. 2014 ஒக்ரோபரில் மீண்டும் வண்டி வந்து சேர்ந்தபோது, இருபத்து நான்கு ஆண்டுகளுள் பிறந்து வளர்ந்த ஒரு தலைமுறை பழைய நிலையத்தை அறியாதிருந்தது. நிலையம் மீண்டும் எழுந்தது. ஆயின் பாதையோரத்து வீடுகள் எல்லாம் அவ்வாறு எழவில்லை. அவற்றின் நீள அகலங்கள் முதியோரின் நினைவிலேயே எஞ்சியுள்ளன. கதவு எப்பக்கம் திறந்தது, திண்ணை எவ்வளவு அகலம், கிணறு எங்கே இருந்தது என்று இன்று கேட்டால் விடை சொல்வோர் உளர்.

சிற்றிலைச் சிதைக்க வேண்டாமென இரந்த சிறுமியரின் வேண்டுகோள் எப்போதும் கேட்கப்படுவதில்லை. சிதைந்ததை அளவோடும் உண்மையோடும் மீண்டும் அமைப்பது அறிவுலகின் கடமை. அட்டையும் அடிமட்டமும் கூரிய அலகும் அதிக விலையுடையனவல்ல. தன் ஊர்க் கட்டடம் ஒன்றையேனும் அளந்து வரைந்து வைக்கும் மாணவன், வரலாற்றுத் துறைக்கு ஒரு சான்றைத் தேடித் தந்தவனாவான்.